வாய்விட்டுச் சொல்லக் கூடாத பேரு

...இல்லீங்க டாக்டரம்மா, நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. எனக்கு என்ன பிளேக்கா வந்திருக்கு? காலையில இருந்து கடைக்குள்ள வர்றவன் எவனும் வாயத் தொறந்து ஒரு வணக்கம் சொல்றதில்ல. நேரா வர்றான், இந்தக் கறி வெட்டற மெஷினோட சக்கரத்தைத் தொடறான், தொட்டுக்கிட்டே "கொஞ்சம் சலாமி குடு"ங்கறான். இரும்பு பாருங்க, இரும்பு! தோஷம் ஒட்டாதாம். சில ஆம்பளைங்களுக்கு மெஷின் எட்டாது, அவனுங்க கை எங்க போகுதுன்னு உங்ககிட்ட சொல்ல முடியாது. நீங்க மாட்டு டாக்டரா இருந்தாலும் சொல்ல முடியாது.

குலத்தெல்லோதானே கேட்டீங்க? வெட்டறேன், வெட்டறேன், இருங்க. இது அவசரப்படற கறி இல்ல. வருஷக்கணக்கா இருட்டுல தொங்கி, பனியைக் குடிச்சுப் பழுத்த பன்னித் தொடை. மெல்லிசா வெட்டி, தூக்கிப் புடிச்சா, அந்தப் பக்கம் மருந்துக்கடை தெரியணும். இன்னிக்கு மூடுபனியில மருந்துக்கடையே தெரியல. தெரியாததும் நல்லதுக்குத்தான். அங்க உக்காந்திருக்கற பொன்ஃபில்யோ மூஞ்சிய இந்த வாரம் பாக்கறதா இல்ல நான். ஏன்னு சொல்றேன், வரிசையாச் சொல்லணும் இல்ல?

நீங்க சார்தீனியாக்காரங்க, ஊருக்கும் புதுசு, எங்க சங்கத்தைப் பத்தி யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. இந்த ஊர்ல வெர்டி சங்கம்னு ஒண்ணு இருக்கு. மத்த ஊர்ல இருக்கற மாதிரி பாட்டு கேட்டுட்டு கை தட்டிட்டுப் போற கும்பல் இல்லீங்க. அந்த மனுஷன் எத்தனை ஓபரா, எத்தனை பாட்டு நாடகம் எழுதினாரோ அத்தனை நாற்காலி. ஒரு நாற்காலிக்கு ஒரு ஓபரா, உக்காந்தவனுக்கு அதுதான் பேரு. மேஜையில உக்காந்துட்டா அப்பா அம்மா வெச்ச பேரு செல்லாது. எங்க தலைவர் கன்தோல்ஃபி இருக்காரே, பத்திரம் எழுதறவரு, அந்த வயிறும் மீசையும்... அவருக்குப் பேரு அந்த எகிப்துல அடிமையா மாட்டிக்கிட்ட எத்தியோப்பிய இளவரசி. "இளவரசி, சூப்பு இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"ன்னு கேப்போம், மூஞ்சியில சிரிப்பே இல்லாம கிண்ணத்தை நீட்டுவாரு. ஆளு போனாத்தான் நாற்காலி காலி. காத்திருந்தேங்க. என் முடி கறுப்பா இருந்தப்போ மனு குடுத்தேன், இப்ப பாருங்க, முடியே இல்ல.

அந்த நேரத்துல நான் தேட்டர் மாடியில, ஆக ஒசந்த வரிசையில, எத்தனை பாடகனுங்களை ஆக்கியிருக்கேன், எத்தனை பேரைத் தொலைச்சிருக்கேன் தெரியுமா? கூனன் விதூஷகன் கதையில, சாகக் கெடக்கற பொண்ணை மடியில வெச்சு அப்பன் பாடற எடத்துல ஒருத்தன் சுருதி எறங்கினான். நான் விசிலடிச்சு மானத்தை வாங்கினேன். மறுநாள் அதே ஆளு இதே கடைக்கு வந்து, "நீங்க அடிச்சது சரிதான்"னு சொல்லி ஒரு முழு சலாமி வாங்கிட்டுப் போனான். பாதி வெலைக்குத்தான் குடுத்தேன். அந்த மாதிரி ஆளு நான். அப்படிப்பட்டவனுக்கு எந்த நாற்காலி வந்திருக்கு சொல்லுங்க?

சொல்ல முடியாது. அதாங்க அந்த நாற்காலி!

அட, பேரைச் சொல்ல மாட்டோம், டாக்டரம்மா. ஊருல, தேட்டர்ல, எங்கயும் சொல்ல மாட்டோம். ருஷ்ய ராஜாவுக்காக வெர்டி எழுதினது... முதல் அங்கத்துலயே காதலன் "எனக்குச் சண்டை வேணாம்"னு துப்பாக்கியக் கீழ போடுவான், அது தானா வெடிச்சு பொண்ணோட அப்பன் காலி. அதுக்கும் முன்னாடி, தொடக்கத்துலயே, பித்தளை வாத்தியம் வரிசையா மூணு தடவ... ஆங், புரிஞ்சிடுச்சா? சரி சரி, மனசுலயே வெச்சுக்கங்க. பாட்டு தங்கம். அதுல ஒரு சொரம் கொறை சொன்னவனை நான் சும்மா விட மாட்டேன். ஆனா பேரைச் சொன்னா போச்சு. வெளக்கு விழும், பாடகனுக்குத் தொண்ட கட்டும், படுதா பாதியில மாட்டிக்கும். அப்படின்னு சொல்றாங்க. நான் சொல்லல. நான் படிச்சவன், பேப்பர் வாங்கறவன், எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கெடையாதுங்க.

கொழுப்போட வேணுமா, இல்லாமலா? கொழுப்போடதான் சாப்பிடணும். கேட்டதே தப்பு.

இன்னிக்குச் சாயங்காலம் புது ஆளு விருந்து. எனக்குத்தான். அனொலீனி கொழுக்கட்டை மெதக்கற சூப்பு, வேகவெச்ச கறி, லம்புரூஸ்கோ ஒயினு, எல்லாம் ஏற்பாடாயிடுச்சு. ஒரே ஒரு சடங்கு மிச்சம். ஒருத்தர் எந்திரிச்சு நாற்காலியோட பேரைச் சத்தமாக் கூப்பிடணும், நான் "இருக்கேன்"னு சொல்லணும். அதுவரைக்கும் நாற்காலி செவுத்தைப் பாத்துத்தான் இருக்கும். கூப்பிடலேன்னா நான் சேந்ததே சேத்தி இல்ல. இப்ப கூப்பிட ஆள் இல்லீங்க! இளவரசிக்குத் தொண்டையில கட்டியாம். நேத்துகூட காப்பிக்கடையில பந்தாட்டத்துக்குக் கத்திட்டிருந்தாரு அந்தத் தொண்டைய வெச்சு. பல் டாக்டரு தனக்கு மூணு கொழந்தைங்க இருக்குங்கறாரு. சாமியாருகிட்ட போனேன். "இதெல்லாம் பாவம் மகனே, மூட நம்பிக்கை"ன்னாரு. சரி, அப்ப நீங்க சொல்லுங்கன்னேன். கோயில் கேட்டு கம்பியைப் புடிச்சாரு பாருங்க, விடவே இல்ல.

இதே பேரு வெச்சிருந்த முந்தின ஆளை எப்படிக் கூப்பிட்டாங்களா? அவருக்குக் காது கேக்காதுங்க. சும்மா வாயசைச்சாங்க, அவரு "இருக்கேன்"னு கத்தினாரு, வேலை முடிஞ்சுது. எனக்குப் பாருங்க, காது நல்லா கேக்குது. அது ஒரு கொறை.

சரி, வீட்டுக்காரியையாவது கேப்போம்னு கேட்டேன். இதோ உள்ளதான் இருக்கா, இல்டே. "நான் கூப்பிடுவேன், ஆனா அப்பறம் உன்கூட ஒரே வீட்டுல இருக்கணுமே"ன்னுட்டா. நாலு நாளா இடுப்புல கொத்துச் சாவி தொங்குது. எனக்குச் சோறு போடறப்போ ஒரு கை கரண்டியில, ஒரு கை சாவியில. சிரிக்காதீங்க. சிரிச்சா பரவால்ல, சிரிங்க. ஆனா மனசுக்குக் கஷ்டமா இருக்குங்க. சின்னப் புள்ளையில இருந்து கூட வளந்தவனுங்க. ஒருத்தன், ஒரே ஒருத்தன், எனக்காக வாயத் தொறக்க மாட்டேங்கறான்.

பொன்ஃபில்யோவா? அவனுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கான். அவனும் என்கூடவே சேந்தான். குளிர்ல ரெண்டு பெருசுங்க அடுத்தடுத்துப் போயிட்டாங்க, ரெண்டு நாற்காலி காலி. ஒண்ணு என்னோடது. இன்னொண்ணு வெர்டி சின்ன வயசுல எழுதின சிரிப்பு ஓபரா. மிலான்ல முதல் நாளே விசிலடிச்சுத் தொரத்திட்டாங்க, ரெண்டாம் நாள் கெடையாது. அந்தப் பேரு பொன்ஃபில்யோவுக்கு. தெருவுல போறவன் எல்லாம் அவனைக் கூப்பிடறான்! கையாட்டறான்! கொழந்தைங்க கூப்பிடுது! ஒரு தோத்துப்போன நாடகத்தோட பேரை வெச்சுக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி நடக்கறான்.

யாரு பிரிச்சுக் குடுத்தாங்களா? அது... யாரும் பிரிச்சுக் குடுக்கலீங்க. நான் மூத்த மனு. எது வேணும்னு என்னத்தான் முதல்ல கேட்டாங்க. இளவரசி தனியாக் கூப்பிட்டு, "எர்மெஸ், அந்தச் சிரிப்பு ஓபராவை எடுத்துக்கடா, நிம்மதியா இருப்ப"ன்னு காதுலயே சொன்னாரு. நான்தான், எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு... தொண்டையச் செருமிக்கிட்டு... "இத்தனை வருஷம் காத்திருந்தது விசில் வாங்கின ஒண்ணுக்கா? எனக்குப் பெருசுதான் வேணும், நான் உங்கள மாதிரி பயந்தாங்கொள்ளி இல்ல"ன்னேன். இப்பக்கூட சரியாத்தான் பேசினேன்னு தோணுது. கொஞ்சம் மெதுவாப் பேசியிருக்கலாம்.

அதான் டாக்டரம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாம்னு. எங்க சட்டத்துல "ஒரு குரல் கூப்பிடணும்"னுதான் இருக்கு. சங்கத்து ஆளாத்தான் இருக்கணும்னு இல்ல. நீங்க வெளியூரு, மாட்டு வயித்துக்குள்ள தோள் வரைக்கும் கைய விடறவங்க, உங்களுக்கென்ன பயம்? சாயங்காலம் வந்து ஒரே ஒரு தடவ... வருவீங்களா? நிஜமாவா? பயமே இல்லியா? அட, உங்களை அந்த... இந்தாங்க, இந்தப் பார்மிஜான் சீஸுத் துண்டு கடையோட கணக்கு. என்னங்க? இப்பவே சொல்லிப் பாக்கறீங்களா? சரி, ஒத்திகை மாதிரி... வேணாம்! வேணாம், நிறுத்துங்க! இங்க வேணாம், மேல பாருங்க, ரெண்டு டஜன் தொடை தொங்குது, கொக்கி எல்லாம் பழசு...

என்ன பாக்கறீங்க? எங்க பாக்கறீங்க? ...ஓ. கையா. இது மெஷின் மேல... இது எப்ப போச்சுன்னே தெரியலீங்க. என்னைக் கேக்காமயே போயிடுச்சு.

சே. நானே இப்படின்னா, அவனுங்களைத் திட்டி என்ன பிரயோஜனம்? இளவரசிக்குத் தொண்டையில நெசமாவே கட்டி வந்திருக்கும், பயத்துல. நான் பாட்டுக்கு அவனுங்களுக்கு என்மேல பிரியமே இல்லன்னு நெனச்சுக்கிட்டு... விடுங்க. விருந்தே வேணாம்னு சொல்லி அனுப்பிடறேன். பொன்ஃபில்யோ வந்து என் சூப்பையும் குடிக்கட்டும்.

எங்க கெளம்பிட்டீங்க? கறிய எடுத்துட்டீங்க, சீஸு? டாக்டரம்மா! ...போயிட்டாங்க. எல்லாரும் அப்படித்தான், பாதியில போயிடறாங்க. கதவைக்கூடச் சாத்தல, பனி உள்ள வருது. இல்டே, இந்த வெளியூரு ஆளுங்களும் சரிப்படாது. மூஞ்சிக்கு நேரா சிரிச்சுட்டு, வாசல் தாண்டினதும்...

இரு. என்ன சத்தம்? சதுக்கத்துலயா?

அய்யோ. சொல்லிட்டாங்க. இல்டே, சொல்லிட்டாங்கடி! நடு சதுக்கத்துல நின்னு, அந்த நாற்காலியோட முழுப் பேரையும், தொண்டை கிழிய... மருந்துக்கடை ஷட்டர் எறங்குது, கேக்குதா? காப்பிக்கடையில நாற்காலியத் தள்ளிட்டு எல்லாரும் எந்திரிக்கறாங்க. இளவரசி "உஷ்"னு எல்லாரையும் அமத்தறாரு, சத்தம் அடங்கிடுச்சு. என்ன செய்யறது? பதில் சொல்லணுமே. அவ்ளோ பேரும் நான் சொல்றதுக்குத்தான் நிக்கறாங்க, இல்டே, அந்தப் பனியில... இரு, கைய எடுத்துக்கறேன். மெஷின்ல இருந்து எடுத்துட்டேன், பாத்துக்க. வாசல்ல நின்னு சொல்றேன். எனக்கு ஏன் கண்ணு கலங்குது?

இருக்கேன்! இளவரசி, கேக்குதா? நான் இங்கதான் இருக்கேன்!