பதினான்காம் எண் வீடு: ஆள் இல்லை

என் பெயரும் என் தகப்பனார் பெயரும் முதல் தாளில் எழுதிக்கொள்ளப்பட்டுள்ளன. வயது நாற்பத்தொன்று. பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் பின்புறம் உள்ள பணியாளர் குடியிருப்பில், இரண்டாம் மாடியில், ஒற்றை அறையில் குடியிருக்கிறேன். என் அக்காவும், இடுப்புக்குக் கீழே அசைவில்லாத என் அத்தானும் தற்போது அதே அறையில் என்னுடன் இருக்கிறார்கள். அவர்கள் குடியிருந்த மலையடித் தெரு பதினேழாம் எண் வீடு இப்போது இல்லை. இந்த வாக்குமூலம் தரச் சொல்லி என்னை யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. ஆசை காட்டியவர் ஒருவர் உண்டு, அவர் காவல்துறையைச் சேர்ந்தவர் அல்ல, அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் ஆய்வு மையத்தில் ஒப்பந்த முறையில் களப் பணியாளராகப் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். முதலில் பேருந்து நிலையத்தில் இரைச்சல் அளந்தேன், அதன் பிறகு கொசு எண்ணினேன், அதன் பிறகு பள்ளிப் பிள்ளைகளின் பைகளை எடை போட்டேன். எந்தத் துறை ஆய்வானாலும் என் வேலை ஒன்றுதான். கதவைத் தட்ட வேண்டும், கேட்க வேண்டும், கட்டத்தில் குறிக்க வேண்டும். சென்ற வருடம் மண்சரிவு எச்சரிக்கைத் திட்டத்தில் சேர்க்கப்பட்டேன். மலையடித் தெருவில் என் அக்கா இருந்ததால்தான் என்னைச் சேர்த்தார்கள். வெளியாள் போனால் அந்தத் தெருவில் கையெழுத்து வாங்க முடியாது.

திட்டம் இரண்டு பாதி. ஒரு பாதி மண். மலைச்சரிவில் ஏழு இடத்தில் சாய்வுமானி என்ற கருவியைப் புதைத்து, மண் நகர்கிறதா என்று கம்ப்யூட்டரில் பார்ப்பது. மறு பாதி மனிதர்கள். செல்போனில் எச்சரிக்கைச் செய்தி அனுப்பினால் தெருவில் இருப்பவர்கள் இருபது நிமிடத்துக்குள் எதிரே உள்ள மைதானத்துக்கு வருகிறார்களா என்று எண்ணுவது. மொத்தம் இருபத்தாறு வீடு. கையெழுத்துப் போட்டுச் சம்மதித்தவர்கள், அவர்களின் பிள்ளைகள் சேர்த்து எழுபத்தொரு பேர்.

சனங்களை வீணாகப் பயமுறுத்தக் கூடாது என்று பல்கலைக்கழக நெறிமுறைக் குழு ஒரு விதி போட்டது. ஒவ்வொரு செய்தியின் முன்னாலும் ‘சோதனை’ என்ற சொல் வர வேண்டும். யாரும் மறந்துவிடக் கூடாது என்பதற்காக அந்தச் சொல்லைக் கம்ப்யூட்டரே தானாகச் சேர்க்கும்படி செய்தார்கள். அதை எடுக்க வேண்டுமானால் திட்டத் தலைவரான பேராசிரியரின் கடவுச்சொல் வேண்டும். என்னிடம் கிடையாது.

பதினொரு மாதத்தில் பத்தொன்பது முறை செய்தி போயிற்று. முதல் முறை அறுபத்து நான்கு பேர் மைதானத்துக்கு வந்தார்கள். பத்தொன்பதாம் முறை ஐந்து பேர், அதில் இருவர் மைதானத்தில் நாங்கள் கொடுக்கும் பிஸ்கட்டுக்கு வந்தவர்கள். தெருவில் எனக்குச் ‘சோதனைக்கா’ என்று பெயர் வைத்தார்கள். நான் தெருமுனையில் திரும்பும்போதே, “என்னடா இது சோதனை!” என்று யாராவது தலையில் கை வைத்துக்கொள்வார்கள், எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். எண்ணிக்கை குறைவதைப் பற்றி நான் பேராசிரியரிடம் மூன்று முறை சொன்னேன். அவர் வரைபடத்தைக் காட்டி, “எவ்ளோ அழகா இறங்குது பாரும்மா” என்றார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு அந்தக் கோடு பிடித்திருந்தது.

கடந்த மாதம் பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய மூன்று நாளும் விடாத மழை. நான் மைதானத்தை ஒட்டிய பள்ளியின் மாடியில் உள்ள கருவி அறையில் இருந்தேன். காலை பத்து இருபதுக்கு மூன்றாம், ஐந்தாம் சாய்வுமானிகளின் எண் ஓட ஆரம்பித்தது. ஒரு மாதத்தில் நகர வேண்டிய அளவு கால் மணி நேரத்தில் நகர்ந்தது. பத்து நாற்பதுக்குப் பேராசிரியருக்குப் போன் செய்தேன். அவர் வெளியூரில் கருத்தரங்கில் இருந்தார். “பேட்டரியில தண்ணி போயிருக்கும், போய்ப் பாரு. மெசேஜ் கிசேஜ் அனுப்பிடாத, அடுத்த வாரம் இருபதாவது டெஸ்ட் இருக்கு, கணக்கு கெட்டுடும்” என்றார். இரண்டு கருவியிலும் ஒரே நேரத்தில் எப்படித் தண்ணீர் போகும் என்று கேட்டேன். மேடைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டார். அதன் பிறகு நான்கு முறை அடித்தேன், எடுக்கவில்லை. வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அடித்தேன், விடுமுறை என்பதால் மணி மட்டும் அடித்தது.

பத்து ஐம்பத்தைந்துக்கு நானே செய்தி அனுப்பினேன். என் போனுக்கும் அது வந்தது. ‘சோதனை. மேலே மண் நகர்கிறது. உடனே மைதானத்துக்கு வரவும்.’ அந்த முதல் சொல்லை எடுக்க என்னால் முடியவில்லை. மாடி ஜன்னலிலிருந்து தெருவைப் பார்த்தேன். ஒரு கதவும் திறக்கவில்லை. ஒரு பெண் மட்டும் வெளியே வந்து, கொடியில் கிடந்த துணியை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன் பிறகு பெயர்ப் பட்டியலைப் பாலிதீன் பையில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடி, ஒன்றாம் எண் வீட்டிலிருந்து பட்டியல் வரிசைப்படி கதவைத் தட்டினேன். “இது நிஜம், கிளம்புங்க” என்றேன். நான்காம் வீட்டுக்காரர், “நிஜச் சோதனையா, பொய்ச் சோதனையா, அதச் சொல்லு மொதல்ல” என்றார். ஒன்பதாம் வீட்டில் கதவைத் திறக்காமலேயே, “வந்துட்டோம்னு எழுதிக்கோ சோதனைக்கா” என்றார்கள். நான் அழுதேன். அழுதது பயனில்லை, ஏனென்றால் எட்டாம் சோதனையிலிருந்து முகத்தில் பதற்றம் காட்ட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள், நானும் நன்றாகவே காட்டியிருந்தேன்.

அத்தானைத் தூக்க நேரம் பிடிக்கும் என்று பட்டியலில் தாண்டிவிட்டிருந்த அக்கா வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். அக்கா அத்தானுக்கு முகச்சவரம் செய்துகொண்டிருந்தாள். “சத்தியமா சொல்றேன்க்கா, மலை நகருது” என்றேன். “போன மாசமும் இதே மூஞ்சியோடதான்டி வந்து நின்ன. இவர நாற்காலியில ஏத்தி எறக்கி எனக்கு மூணு நாள் முதுகு நிமிரல. உன் சோதனைக்கு வேற ஆளப் பாரு” என்றாள். பாதி முகத்தில் நுரையோடு அத்தான் என்னையே பார்த்தார். அப்போது மணி பதினொன்று இருபது. மைதானத்தில் நான்கு பேர் நின்றார்கள்.

தீப்பெட்டி எங்கிருந்து வந்தது என்று அதிகாரி கேட்கிறார். அக்கா வீட்டு அடுப்படியில் எடுத்தேன். அக்கா பார்த்தாள். “எதுக்குடி?” என்று கேட்டாள், அதற்குள் நான் வாசலைத் தாண்டிவிட்டேன்.

அதன் பிறகு மைதானத்தின் அந்தப் பக்கக் கோடியில் உள்ள எங்கள் திட்டத்தின் தகரக் கொட்டகைக்குப் போனேன். சாவி என் கழுத்தில் இருந்தது. உள்ளே பதினொரு மாத வினாத்தாள்களும் சம்மதப் படிவங்களும் நாற்காலிகளும் சிறிய ஜெனரேட்டரும் அதற்கான பெட்ரோல் கேனும் இருந்தன. ஜெனரேட்டரை வெளியே இழுத்துவிட்டேன். பெட்ரோலைத் தாள்களின் மேல் ஊற்றிக் கொளுத்தினேன். மூன்று குச்சி நமத்துப்போய் வீணாயிற்று, நான்காவது பற்றியது. வெளியே ஓடி வந்து, “தீ! தீ!” என்று கத்தினேன். திட்டமிட்டுத்தான் செய்தேன். அந்தத் தெருச் சனம் தன் உயிருக்குப் பயந்து வராது, ஆனால் எங்காவது பற்றியெரிந்தால் பார்த்துக்கொண்டு உட்காராது என்பது எனக்குத் தெரியும். இது எந்த வினாத்தாளிலும் இல்லாத விஷயம்.

எல்லோரும் வந்தார்கள். வாளி, குடம், குழம்புச் சட்டி, கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சற்று முன் என்னைக் கேலி செய்த நான்காம் வீட்டுக்காரர்தான் முதலில் வந்தார். “பொம்பள உள்ள இருக்காளா?” என்று என்னைத் தேடித்தான் வந்ததாகப் பின்னால் சொன்னார். நான் இரண்டு இளைஞர்களின் சட்டையைப் பிடித்து இழுத்து அக்கா வீட்டுக்கு அனுப்பினேன். அவர்கள் அத்தானை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். அக்கா சவரக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி திட்டிக்கொண்டே பின்னால் வந்தாள்.

அதன் பிறகு பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராகக் குறித்தேன். பேனா ஈரத்தில் எழுதவில்லை, பென்சிலால் குறித்தேன். வேலைக்குப் போயிருந்த இருவரை அவரவர் வீட்டார் சொல்லக் கேட்டுக் குறித்தேன். பதினொன்று நாற்பத்து நான்குக்கு எழுபத்தொன்றாவது குறி விழுந்தது. “அப்பாடா” என்று வாய்விட்டுச் சொன்னேன். அதைச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பதினொன்று நாற்பத்தேழுக்கு மலை இறங்கியது. பெரிய சத்தம் என்று பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். முதலில் சத்தமே இல்லை. மரங்கள் நின்றபடியே கீழே வந்தன. அதன் பிறகுதான் சத்தம் கேட்டது. பதினொன்றாம் எண்ணிலிருந்து பத்தொன்பதாம் எண் வரை ஒரு வீடும் மிச்சமில்லை. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் வாளியோடு அப்படியே நின்றார்கள். யாரும் அழக்கூட இல்லை. அக்காதான் என் தோளைப் பிடித்து உலுக்கி, “குறட்டை எங்கடி?” என்று கேட்டாள்.

குறட்டை என்பது பதினான்காம் எண் வீட்டில் தனியாக இருந்தவர். ஐஸ் தொழிற்சாலையில் இரவு வேலை. காலை ஏழு மணிக்கு வந்து காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படுத்தால் மாலை நான்கு வரை எழுந்திருக்க மாட்டார். தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும், அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்கள் சோதனைகள் எல்லாமே பகலில் நடந்தன. சம்மதம் வாங்க மூன்று முறை அவர் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. கையெழுத்து இல்லாதவரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி. ஆகவே பட்டியலில் பதின்மூன்றுக்குப் பிறகு பதினைந்து வரும். தினசரிப் படிவத்தில் மட்டும் பதினான்காம் எண்ணுக்கு எதிரே ஏதாவது எழுதியாக வேண்டும். ‘வெளியேறினார்’, ‘வெளியேறவில்லை’, ‘ஆள் இல்லை’ என்று மூன்று கட்டம். பத்தொன்பது முறையும் ‘ஆள் இல்லை’ என்ற கட்டத்தில் குறித்தது நான்தான்.

இதை அதிகாரி கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஏழாம் சோதனையன்று அந்த வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. குறட்டைச் சத்தம் தெளிவாகக் கேட்டது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “லாரி ஏத்தம் ஏறுதுடி” என்று அக்கா சொல்ல, இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். சிரித்துக்கொண்டே ‘ஆள் இல்லை’ என்று குறித்தேன். பன்னிரண்டாம் தேதி காலையில் பட்டியல் வரிசைப்படி போனதால் பதின்மூன்றாம் எண்ணைத் தட்டிவிட்டுப் பதினைந்தாம் எண்ணைத் தட்டினேன். பதினான்காம் எண் கதவை நான் தட்டவே இல்லை. அன்று மழைக்காக மாற்று ஷிப்ட் போயிருப்பார் என்று பக்கத்து வீட்டார் நினைத்துக்கொண்டார்கள். மறுநாள் பதினொரு மணிக்கு அவரை எடுத்தார்கள். போர்வை போர்த்தியபடி இருந்தார்.

மூன்றாம் நாள் பேராசிரியர் என் அறைக்கு வந்தார். கொட்டகையில் தீயணைப்புத் துறையினர் பெட்ரோல் கேனை எடுத்திருந்தது அவருக்குத் தெரிந்திருந்தது. “ஜெனரேட்டர்ல லீக்குன்னு எழுதிடலாம். சனங்க மெசேஜப் பாத்துட்டு வந்தாங்க, அப்புறமாத்தான் தீ. அவ்ளோதான். ஒப்பந்தத்த நிரந்தரம் ஆக்கச் சொல்றேன், உனக்கு ஒரு சிக்கலும் வராது” என்றார். அடுத்த மழைக்குள் இன்னும் ஒன்பது மலையடித் தெருக்களில் இதே திட்டம் வரப்போவதாகவும், எழுபத்தொன்றுக்கு எழுபத்தொன்று என்று எந்த நாட்டிலும் வந்ததில்லை என்றும் சொன்னார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியிருந்தது, நடிப்பு என்று நான் நினைக்கவில்லை. குறட்டை அண்ணன் செத்துப்போனாரே சார் என்றேன். “பாவந்தான். ஆனா அவரு நம்ம ஆய்வுல இல்லையேம்மா” என்றார்.

“ஆய்வுல இல்ல சார், வீட்டுல இருந்தாரு” என்றேன். அத்தான் கட்டிலில் இருந்தபடியே, “கதவத் தொறந்து விடும்மா, சார் கெளம்பட்டும்” என்றார். அவர் கிளம்பிவிட்டார்.

ஆகவே தீயை வைத்தது நான்தான். ஜெனரேட்டரில் கசிவு இல்லை, அது நனைந்தபடி வெளியே நின்றதை ஊரே பார்த்தது. செய்தியைப் பார்த்து வந்தவர்கள் நான்கு பேர். மற்றவர்கள் தீயை அணைக்க வந்தவர்கள். செய்தியைப் பார்த்து எல்லோரும் வந்ததாக எழுதினால், அந்த ஒன்பது தெருவுக்கும் அதே சொல் முன்னால் ஒட்டிக்கொண்டு போகும், அங்கேயும் துணியை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அங்கே கொளுத்துவதற்கு யாரும் இருக்க மாட்டார்கள். இதற்காக எனக்கு என்ன தண்டனை வரும் என்று அதிகாரி எடுத்துச் சொன்னார், புரிந்துகொண்டேன். பயமாகத்தான் இருக்கிறது. பென்சில் குறிகள் உள்ள பட்டியலை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

மேலே உள்ள ஆறு தாள்களும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன, நான் சொன்னபடியே உள்ளன. ஐந்தாம் தாளின் அடியில் ‘சம்பவ நேரத்தில் தெருவின் மொத்தக் கணக்கு எழுபத்தொரு பேர்’ என்று பல்கலைக்கழகக் கடிதத்தைப் பார்த்து எழுதப்பட்டிருந்தது. அதை அடிக்கச் சொல்லி, எழுபத்திரண்டு என்று திருத்தச் சொன்னேன். திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன்.

(கையெழுத்து)