கடைக்காரரும் பெற்றோர்தான்

...போர்டுல யார் பேரு எழுதியிருக்குது, படிங்க. குமரேசன் கம்ப்யூட்டர்ஸ். அந்தக் குமரேசன் நான்தான். பதினாலு வருஷமா நடத்துறேன் இந்தக் கடைய. ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளக்காரங்க டிக்கெட்டு எடுக்கணும்னாலும் சரி, கீழ்பென்னாத்தூர்ல இருந்து நீங்க வந்து பட்டா எடுக்கணும்னாலும் சரி, செங்கம் ரோட்டுல என்கிட்டதான் வரணும். இப்ப பாருங்க, என் கடை வாசல்ல, என் பெஞ்சுல, உங்க பக்கத்துல என்னையும் குந்த வச்சிருக்குது. யாரு? நான் பெத்த பொண்ணு.

கதவுல ஒட்டியிருக்குது, பாத்தீங்க இல்ல. "காலேஜ் லிஸ்ட் போடும்போது பெற்றோர் வெளியே காத்திருக்கவும்." சரி, அதோட உட்டிருந்தா பரவால்ல. அதுக்குக் கீழ பேனாவால "கடைக்காரரும் பெற்றோர்தான்"னு வேற எழுதி வச்சிருக்குது. வர்றவங்க எல்லாம் அதப் படிச்சிட்டு என் மூஞ்சியப் பாக்குறாங்க. நான் இன்னா பண்றது, மலையப் பாக்குறேன்.

நவுந்து உக்காருங்கண்ணா, வெயில் வருது. உங்க பொண்ணு பேரு கவியாவா... நல்ல பேரு. நேரம் ஆவும், பொறுமையா இருங்க. தென்றல்... அதான் எங்க பொண்ணு பேரு... ஒவ்வொரு புள்ளையா உக்கார வச்சி கேக்குது. உனக்கு எந்தப் பாடம் புடிக்கும், எதப் படிச்சா தூக்கம் வரும், ஹாஸ்டல்ல தனியா இருந்து பாத்திருக்கியா, அழுகை வந்தா யாருக்குப் போன் பண்ணுவ. இதெல்லாம் ஒரு கேள்வியா. நானா இருந்தா பத்து நிமிஷம். மார்க்கு சொல்லு, சர்டிபிகேட்டக் காட்டு, தட்டு, முடிஞ்சிச்சி, அடுத்த ஆளு. இப்ப இன்னான்னா, அப்பாமாரெல்லாம் ரோட்டுல, புள்ளைங்க உள்ள. அதுலயும் நாளைக்குப் பௌர்ணமி, கிரிவலக் கூட்டம், பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திடுவான், இன்னிக்கே எல்லாரும் வந்து குவியுறாங்க.

நீங்க வந்ததும் என் காதுல ஒண்ணு சொன்னீங்க இல்ல, அதுக்கு வரேன். இல்ல, இல்ல, யாருக்கும் கேக்கல. "பொண்ணு மெட்ராஸ் காலேஜத்தான் மொதல்ல போடும், நீ சத்தம் காட்டாம நம்ம ஊர் காலேஜ மேல ஏத்தி உட்டுடுப்பா." அதானே? நான் ஒண்ணும் தப்பா நெனைக்கல. பதில் சொல்றேன். ஆனா எனக்கு சுருக்கமாப் பேச வராது. எங்க ஊட்டுக்காரம்மா சரசு அதத்தான் சொல்லும், உன்கிட்ட மணி கேட்டா கடிகாரம் வாங்கின கதைய சொல்லுவன்னு.

போன வருஷம் இதே மாசம். இதே கடை. தென்றல் பிளஸ் டூ முடிச்சிருந்துச்சி. மார்க்கு ஜாஸ்தின்னும் சொல்ல முடியாது, கம்மின்னும் சொல்ல முடியாது, ஆனா மெட்ராஸ்ல அது கேட்ட காலேஜ் கெடைக்கிற மார்க்கு. அதோட சிநேகிதி சினேகா, அதுவும் அங்கதான் போட்டுச்சி. ரெண்டும் சேந்து எந்த ரூமு, எந்தக் கட்டிலு வரைக்கும் முடிவு பண்ணிடுச்சிங்க. தென்றல் ஒரு நோட்டுப் போட்டு மூணு மாசமா அந்தக் கவுன்சிலிங் லிஸ்ட எழுதி எழுதி அழிச்சிக்கினு இருந்துச்சி. ஏன்னா வரிசைதான் எல்லாமே. மேல போட்டது கெடைக்கிற மார்க்கு இருந்தா, கீழ இருக்கிறத கம்ப்யூட்டரு திரும்பிக்கூட பாக்காது. அதுல ஒண்ணாவது மெட்ராஸு. நம்ம ஊரு காலேஜு பதினேழாவது. பதினேழு! ஊட்டுல இருந்து வண்டியில பத்து நிமிஷம், அதப் போயி பதினேழுல வச்சிருக்குது.

எனக்கு ஏன் பயம்னு கேளுங்க. எங்க அண்ணன் அப்பாதுரையோட பையன் வளவன். அவனும் அப்படித்தான் மெட்ராஸுக்குப் போனான். நல்லா படிக்கிற புள்ள. ரெண்டாவது வருஷம் பாத்தா, ரூமை உட்டு வெளியவே வரல. கிளாஸுக்குப் போறேன்னு போன்ல சொல்லுவான், கட்டில்ல படுத்துக்கினு கெடப்பான். மாசக் கணக்குல. காலேஜ்ல இருந்து கூப்பிட்டாங்க, நானும் அண்ணனும் போயி கூட்டிக்கினு வந்தோம். நம்ம புள்ளையா இதுன்னு இருந்துச்சி, தாடி, கண்ணெல்லாம் குழி. பஸ்ஸுல ஜன்னலுக்கு வெளியவே பாத்துக்கினு வந்தான். டாக்டர்கிட்ட காட்டினோம், ஒரு வருஷம் ஆச்சி சரியாவ. அதப் பாத்தவன் நான். அதனாலதான்னு வச்சிக்கோங்களேன்.

ஒரு ஜெர்மன்காரம்மா வரும் நம்ம கடைக்கு. வருஷா வருஷம் வந்து மூணு மாசம் தங்கும், தமிழ் நல்லாவே பேசும். உன் பொண்ணு எங்கம்மான்னு கேட்டேன். கனடாவுலன்னுச்சி. கவலையா இருக்காதான்னேன். "இருக்கும். அதான் உங்க மலைய சுத்துறேன்"னுச்சி. நமக்கு அப்படி முடியுமா? மலை வாசல்லயே இருக்குது, நம்ம எதச் சுத்துறது...

எங்க உட்டேன்? ஆங், லிஸ்ட்டு. கடைசி நாளு. காலையில இருந்து கூட்டம். தென்றல் பொறுமையா ஓரமா உக்காந்திருந்துச்சி, மத்த புள்ளைங்களுக்கு முடிஞ்சாத்தான் தனக்குன்னு. சாயங்காலம் நாலரைக்கு அதோட லிஸ்ட்ட அதே அடிச்சிச்சி. ரெண்டு தடவ சரி பாத்துச்சி. பாத்துட்டு, "அப்பா, நீ மத்தியானத்துல இருந்து ஒண்ணும் சாப்பிடல, டீயும் போண்டாவும் வாங்கியாரேன்"னு எழுந்துச்சி. ஓடிபி என் போனுக்குத்தான் வரும், என் நம்பரத்தான் குடுத்திருந்துச்சி. "வந்தா போட்டுடுப்பா"ன்னுட்டுப் போச்சி.

டீக்கடை அதோ, அந்தப் புளிய மரத்துக்கிட்ட. போயிட்டு வர எட்டு நிமிஷம். எனக்கு ரெண்டு நிமிஷம் போதுமா இருந்துச்சி.

ஆமாண்ணா. பதினேழ ஒண்ணாக்கிட்டேன்.

வந்து போண்டாவக் குடுத்துச்சி, "போட்டுட்டியாப்பா"ன்னுச்சி, போட்டுட்டேன்னேன். சாப்பிட்டேன் வேற, ரெண்டு போண்டா.

நாலு நாள் கழிச்சி வந்துச்சி முடிவு. நம்ம ஊரு காலேஜு. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? "கம்ப்யூட்டர் போட்டதும்மா, நம்ம கையில இன்னா இருக்குது"ன்னேன். ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் கத்துக் குடுக்கிறவன் சொல்ற பேச்சா அது. தென்றல் அழுவல. உள்ள போயி தன்னோட லிஸ்ட்ட எறக்கி பிரிண்ட் எடுத்துச்சி. அதுல மேல நம்ம ஊரு காலேஜு, கீழ மூலையில லிஸ்ட்டு போட்ட நேரம், நாலு அம்பது. அந்தப் பேப்பர எடுத்துக்கினு வந்து என் முன்னால நின்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சி.

"நான் டீ வாங்கப் போனப்பவாப்பா?"

கத்தியிருந்தா பரவால்ல. சரசு கத்துச்சி, அதுக்கும் சேத்து. இந்த சீட்டு வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு அடுத்த ரவுண்டுக்குப் போலாம்னு நானே சொன்னேன். "அதுல இன்னா மிச்சம் இருக்கும்னு எனக்குத் தெரியும் சார்"னுச்சி. சாருன்னுச்சிண்ணா. அன்னிக்குப் புடிச்ச சாரு, கடையில இன்னிக்கு வரைக்கும் சாருதான். ரெண்டு மாசம் தட்ட எடுத்துக்கினு ரூமுக்குள்ள போயிடும். சினேகா ஹாஸ்டல்ல இருந்து போட்டோ போட்டோவா அனுப்பும், மெட்ரோ ரயிலு, பீச்சு, கட்டில்ல பத்து பேரு குந்திக்கினு. அதயெல்லாம் பாத்துட்டு போனைக் கவுத்து வச்சிடும். சிரிக்கவும் இல்ல, சண்டையும் போடல. எனக்கு வளவன் ஞாபகம் வந்துடுச்சி. எதுக்குப் பயந்து இங்க வச்சேனோ அது ஊட்டுக்குள்ளயே வந்து படுத்துக்கிச்சி.

வளவனையே கூட்டியாந்தேன், நீயாவது பேசுடான்னு. அவன் அதுகிட்ட போறதுக்கு முன்னாடி என்கிட்ட உக்காந்தான். "சித்தப்பா, ஊரு ஊரா என் கதையச் சொல்லிக்கினு இருக்கியாமே. மெட்ராஸ் என்னை ஒண்ணும் பண்ணல. எனக்கு அந்தப் படிப்பே புடிக்கல, அப்பாதான் போட்டாரு. அத யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல, படுத்துட்டேன்"னான். எவ்ளோ வருஷம் கழிச்சி சொல்றான் பாருங்க. நாங்களும் எவ்ளோ வருஷமா கேக்காம இருந்திருக்கோம்.

அப்புறம் அவனும் அதுவும் மாடியில ரொம்ப நேரம் பேசினாங்க. இன்னா பேசினாங்கன்னு தெரியாது. மறுநாள் கடைக்கு வந்துச்சி. வந்து, இந்த நோட்டீச ஒட்டிச்சி. நான்தான் பசை எடுத்துக் குடுத்தேன்.

இப்ப பரவால்ல. காலேஜ்ல பேரு வாங்குது, கூட்டாளிங்க இருக்காங்க. அடுத்த மாசம் மெட்ராஸ்ல ரெண்டு மாச டிரெயினிங்கு, அதுவே தேடிப் புடிச்சிச்சி. சரசுகிட்டதான் சொல்லியிருக்குது. என்கிட்ட வந்து, "சார், ஹாஸ்டல் ஃபாரம் ஒரு பிரிண்ட்"னுச்சி. எடுத்தேன். பெற்றோர் கையெழுத்துன்னு ஒரு இடம் காலியா இருந்துச்சி. கேக்கறதுக்கு முன்னாடியே போட்டுக் குடுத்துட்டேன். கையெழுத்தப் பாத்துட்டு மடிச்சி பையில வச்சிக்கிச்சி. அவ்ளோதான்.

அண்ணா, நீங்க கேட்டதால சொல்றேன், சரசுக்கே இது தெரியாது. மெட்ராஸ் பயமெல்லாம் நான் வெளில சொல்லிக்கினது. அப்பல்லாம் தென்றல் ஸ்கூலு உட்டா சைக்கிள்ல நேரா கடைக்குத்தான் வரும். பைய மூலையில போட்டுட்டு, "எழுந்திருப்பா"ன்னு என்னைக் கெளப்பி உட்டுட்டு என் சேர்ல குந்திக்கும். அன்னிக்கு ஸ்கூல்ல நடந்ததெல்லாம் ஒண்ணு உடாம சொல்லும். என் பொண்ணாச்சே, அதுக்கும் சுருக்கமா வராது. அது போயிட்டா சாயங்காலம் நாலரை மணிக்கு நான் இன்னா பண்ணுவேன்? யாருகிட்ட பேசுவேன்? அதுக்காகத்தான் பண்ணேன். பண்ணி இன்னா ஆச்சி, பத்து நிமிஷ தூரத்துல வச்சிக்கினு ஒரு வருஷம் பேச்சில்லாம இருந்தேன்.

இதான் உங்களுக்குப் பதிலு.

உங்க போன் அடிக்குது பாருங்க. கால் இல்ல, மெசேஜு. உள்ள முடிச்சிட்டாங்க. அந்த ஆறு நம்பரக் குடுத்தா லிஸ்ட்டு பூட்டிக்கும், அப்புறம் யாரும் கைய வைக்க முடியாது. என்கிட்ட எதுக்கு நீட்டுறீங்க? நான் பாக்கல, மூஞ்சியத் திருப்பிக்கிறேன். உங்க போனு, உங்க பொண்ணு. பாக்கெட்டுல போட்டுக்கினு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினாலும் உங்கள யாரும் புடிச்சி வைக்கப் போறதில்ல. நான் இன்னா சொல்றேன்னா, ஞாயித்துக்கெழம மொத பஸ்ஸப் புடிச்சா ஒம்போது மணிக்கெல்லாம் மெட்ராஸு, புள்ளையப் பாத்து சாப்பாடு வாங்கிக் குடுத்துட்டு சாயங்காலம் திரும்பிடலாம், நான் டைமெல்லாம் பாத்து வச்சிருக்கேன், திரும்பி வரும்போது பெங்களூரு போற வண்டிய மட்டும் நம்பாதீங்க, அது எப்ப பாத்தாலும்... அண்ணா?

எழுந்து போயிட்டாரு. பேசிக்கினே இருக்கேன்... ஓ, உள்ளதான் நிக்கிறாரு. போனை அந்தப் பொண்ணு கையிலயே குடுத்துட்டாரு. குடுத்துட்டு, கைய எங்க வைக்கிறதுன்னு தெரியாம நிக்கிறாரு பாவம்.

ஆங்? யாரு, நானா தென்றலு? ...ஏம்மா, ஏசியப் போடாம பெஞ்சுக்குப் பின்னாடி ஜன்னல ஏன் தொறந்து வச்ச? ...எப்பலருந்து தொறந்திருக்குது? ...இல்லம்மா, சொம்மாதான், அண்ணன் கேட்டாரேன்னு பேசிக்கினு... எல்லாமா? கடைசியா சொன்னதுமா? ...சரி. சரிம்மா, மூஞ்சியத் தொடச்சிக்கோ, ஆளுங்க இருக்காங்க.

இன்னாது, பிரிண்டரா? பேப்பர் மாட்டிக்கிச்சா? நீ கைய உள்ள உடாத தென்றலு, சூடா இருக்கும். இரு, நான் வரேன்.