ஏழாங்கட்டத் தோட்டத்து ஆளு

இல்லக்கா, எம்பிராய்டரி இப்ப செய்றதில்ல. வெறும் பிளவுஸ்னா தெச்சுத் தரேன். கையில மயிலு வேணும், முதுகுல கொடி ஓடணும்னா சுங்கைப் பட்டாணியில வேற கடைதான் நீங்க பாக்கணும். மகன் நிச்சயத்துக்குன்னு தேடி வந்திருக்கீங்க, அதனால மாட்டேன்னு சொல்லல. சேலைய அந்த மேசையில வைங்க. நல்ல கலரு. இப்படி வெளிச்சத்துக்கு வந்து நில்லுங்க, அளவு எடுத்துடறேன்.

என்ன அங்க பாக்குறீங்க? ஆமா, அங்கதான் இருந்துச்சு எம்பிராய்டரி மெஷினு. கம்ப்யூட்டரும் அதுக்குப் பக்கத்துலதான். ரெண்டையும் தூக்கிட்டுப் போயிட்டாங்க. ரிப்பேருக்கு இல்லக்கா. கவர்மெண்டு என்ஃபோர்ஸ்மெண்ட் ஆளுங்க வந்து சீல் ஒட்டி லோரியில ஏத்திக்கிட்டுப் போனாங்க. பக்கத்துக் கடையில பசியாறிக்கிட்டு இருந்தவங்க எல்லாம் தட்டக் கையில வெச்சுக்கிட்டு வெளிய வந்து வேடிக்க பாக்குறாங்க. என்னமோ நான் திருட்டு சாமான் வெச்சிருந்த மாதிரி.

திருட்டு சாமான்தான் லா. எனக்குத்தான் தெரியல.

இந்த மெஷினுக்கு மயிலுன்னா என்னான்னு தானா தெரியாதுக்கா. படத்தக் கம்ப்யூட்டர்ல போட்டு, எந்த எடத்துல எந்த நூலு, எப்படி ஓடணும்னு பிரிச்சுக் குடுக்க ஒரு சாப்ட்வேர் வேணும். கம்பெனியில கேட்டா மெஷின் வெலையில பாதி சொல்றான். நம்மால ஆவுமா? அப்பதான் வனேசா போன்ல தேடிக் குடுத்தா. என் மக, ஒங்களுக்குத் தெரியாதா. ஆன்லைன்ல ஒரு கடை, தமிழ்ப் பேரு. ஒரிஜினல், லைப்டைம் லைசென்ஸ்னு போட்டிருந்துச்சு. வாங்குனவங்க குடுத்த ஸ்டாரு ரொம்பி கெடக்குது. இவ்வளவு மலிவா இருக்கேன்னு எனக்கு ஒரு பயம் இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். இது ஒரிஜினல்தானான்னு மெசேஜ் போட்டுக் கேட்டேன்.

அந்தப் பையன் எடுத்த எடுப்புலயே அக்கான்னு ஆரம்பிச்சான். கம்பெனி பழைய ஸ்டாக்கத் தள்ளி விடுது, அதான் வெல கொறச்சல்னான். அதுக்கு நான் என்ன கேட்டேன் தெரியுமா? பில்லு கேக்கல. லைசென்ஸ் பேப்பரு கேக்கல. தம்பி, நீங்க எந்தத் தோட்டம்னு கேட்டேன்.

சிரிக்காதீங்க. நீங்களா இருந்தாலும் அதத்தான் கேட்டிருப்பீங்க. ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்தாலும் நம்ம ஆளுங்க மொதல்ல அதத்தான கேப்பாங்க. ரப்பர் தோட்டத்த வித்து, லயத்து வீடுங்கள இடிச்சுத் தாமான்னு புது வீடுங்க கட்டி பதினஞ்சு வருசம் ஆச்சு. இன்னமும் நமக்கு அதுதான் அடையாள ஐசி கார்டு.

ஏழாங்கட்ட, அந்த ஏழாவது மைல்கல்லுத் தோட்டம்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நம்ம தோட்டம்கா. சும்மா அடிச்சு விடுறானோன்னு ஆழம் பாத்தேன். விடியக்காலம் பேரு போடுற பெரட்டுக்கு ஆளக் கூப்புட எத அடிப்பாங்கன்னு கேட்டேன். தண்டவாளத் துண்டுன்னான். புள்ளைங்கள விட்டுட்டுப் போற ஆயாக்கொட்டாய் எங்க இருந்துச்சுன்னு கேட்டேன். மாதா கோயிலுக்குப் பின்னாலன்னான். அப்புறம் அவனே கேக்குறான், நீங்க ஜோசபின் அக்காதானேன்னு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, வெக்கத்த விட்டுச் சொல்றேன். பள்ளிக்கூடத்துப் பரிச்ச மாதிரி அத்தன கேள்வி கேட்டேன், கேக்க வேண்டியத விட்டுட்டேன்.

கையக் கொஞ்சம் தூக்குங்க. ம், போதும்.

அப்புறம் சொல்றான், அக்கா, அந்த ஆப்புல கட்டுனா அவங்க கமிஷன் புடிப்பாங்க, நீங்க பேங்க்ல நேரா போட்டுடுங்க, நம்ம தோட்டத்து ஆளுக்குன்னு கொறச்சுக்கிறேன்னு. வனேசா வேணாம்மான்னா. நான் அவ பேச்சக் கேக்கல. நம்பரப் போட்டேன், அக்கவுண்ட்டு யாருதுன்னு பேரு வந்துச்சு. ஒரு பொம்பள பேரு. தோட்டத்துல எனக்கு நல்லாத் தெரிஞ்ச பேரு. மிச்சம் இருந்த பயமும் அதோட போயிடுச்சு. காச அனுப்புற பட்டன அமுக்கிட்டேன்.

மொதல்ல நல்லாத்தான் ஓடுச்சு. பள்ளிக்கூடத்து பேட்ஜ், பேக்டரி சட்டைக்குக் கம்பெனி பேரு, கோயில் கமிட்டி டி-சர்ட்டுக்கு வேலு, எல்லாம் இங்கதான் வந்துச்சு. ஒரு நாள் கம்ப்யூட்டர்ல என்னமோ இங்கிலீசுல வந்து அப்படியே நின்னுடுச்சு. அவனுக்குப் போன் அடிச்சேன், எடுக்கல. மெசேஜ் போட்டேன், பாத்துட்டுச் சும்மா இருக்கான். ஆன்லைன்ல அந்தக் கடையவே காணோம். சரி, ஒரிஜினல்தான வெச்சிருக்கோம், கம்பெனியவே கேப்போம்னு நானே கோலாலம்பூருக்குப் போன் போட்டேன். போன எடுத்த பொண்ணு எவ்வளவு மரியாதையா பேசுச்சு தெரியுமா. லைசென்ஸ் நம்பரு கேட்டுச்சு, சொன்னேன். பேரு கேட்டுச்சு, கடை அட்ரஸ் கேட்டுச்சு, எழுத்துக் கூட்டிச் சொன்னேன். தேங்க் யூன்னுச்சு. நானும் தேங்க் யூ சொன்னேன். கொஞ்ச நாள்ல லோரி வந்து நிக்குது.

பைத்தியக்காரி. என்னத்தான் சொல்றேன்.

இப்ப கேஸு என் பேருல. கள்ள சாப்ட்வேர் வெச்சு யாவாரம் பண்ணேனாம். அந்த மலாய்க்கார ஆபிசரு நல்ல மனுசன், சின்ன வயசு. சொந்த அத்தையக் கூப்புடற மாதிரி மகச்சிக்னு கூப்புட்டு, நீங்க ஏமாந்தவங்கன்னு பாத்தாலே தெரியுது, வித்தது யாரு, காச யாரு கணக்குல போட்டீங்க, அதச் சொல்லிட்டா நீங்க சாட்சி, சொல்லலன்னா நீங்கதான் குத்தவாளின்னாரு. நான் தெரியாதுன்னுட்டேன். மறுபடி கூப்புட்டாரு. ஞாபகம் இல்லன்னேன். வனேசா என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. யாரக் காப்பாத்தம்மா நீ கோர்ட்டுல போய் நிக்கப் போறேன்னு கத்துறா. நாப்பது வயசுல கத்துக்கிட்ட தொழிலு இது, தெரியுங்களா? பால் வெட்டுன கையால மவுசப் புடிச்சுக் கத்துக்கிட்டேன். அது போனா மறுபடி எனக்குக் காஜா கட்டுற வேலதான்.

ஏன் சொல்லலன்னா? வாய் வரலக்கா. அந்த அக்கவுண்ட்டுப் பேருக்குச் சொந்தக்கார பொம்பள யாரு? என் மகளுக்கு அம்மை போட்டு நான் லீவு கெடைக்காம காட்டுக்குப் போனப்ப, கூலி போனாலும் போவுதுன்னு தன் பேர வெட்டிக்கிட்டு வீட்டுல இருந்து அவளுக்கு வேப்பெல வீசுன பொம்பள. அவங்க பேர எப்படி ஒரு ஆபிசர்கிட்ட சொல்றது?

ஆமாக்கா. ஒங்க பேருதான். பிரேமாவதின்னு வந்துச்சு, ஒங்க அப்பா பேரோட.

போன மாசம் சும்மா பேசணும் போல இருந்துச்சுன்னு ஒங்களுக்கு அடிச்சேனே, இதக் கேக்கத்தான் அடிச்சேன். நீங்க, மகன் தேவனுக்குக் கம்ப்யூட்டர் யாவாரம் நல்லாப் போவுது, புதுக் காடி எடுத்து ஓட்டுறான், எந்தக் கோயில்ல பூச போடலாம்னு சந்தோசமா பேசிக்கிட்டே போனீங்க. என்ன ஏமாத்துனது அவன்தான்னும், ஒங்களுக்கு ஒன்னும் தெரியாதுன்னும் எனக்கு அப்பவே தெரிஞ்சுடுச்சு. அவன் எப்பவோ ஒங்ககிட்ட பேங்க் கார்ட வாங்கி வெச்சிருப்பான், இல்ல? நெனச்சேன்.

அப்புறம் வனேசா போன்லேருந்து அவனுக்கு எழுதுனேன். தம்பி, நீயே போய் ஒத்துக்க, அம்மா பேரு இதுல இருக்குது, நான் சொல்லாம இருக்கேன், ரொம்ப நாளைக்கு முடியாதுன்னு. ஒடனே பதில் வந்துச்சு. சொல்லிக்குங்கக்கா, அக்கவுண்ட்டு என் பேருல இல்லியேன்னு போட்டிருந்தான். நான் திரும்பத் திரும்பப் படிச்சுப் பாத்தேன். அம்மான்னு ஒரு வார்த்த அதுல இல்ல. என்ன ஏமாத்துனதக் கூட நான் மறந்துடுவேன். ஒங்கள அவன் முன்னால தள்ளிட்டு நிக்கிறது எனக்கு வயிறு எரியுது.

நேத்து மத்தியானம் போய் ஒங்க பேரச் சொல்லிட்டேன்.

என்னத் திட்டுங்க, கேட்டுக்கிறேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க? அவனுக்காக நான் உள்ள போவணுமா? நாளைக்குக் காலையில திகாம் பத்து ஊருல ஒங்க வீட்டுக்கே வருவாங்க. பயப்படாதீங்க, அந்த ஆபிசரு மரியாதையாத்தான் பேசுவாரு, ஒங்களையும் மகச்சிக்னுதான் கூப்புடுவாரு. எனக்குக் குடுத்த வழியத்தான் ஒங்களுக்கும் குடுப்பாரு. இந்தக் கணக்க வெச்சு ஓட்டுறது யாருன்னு கேப்பாரு. சொல்லிட்டா நீங்க சாட்சி. சொல்லலன்னா நீங்கதான்.

ஹார்ன் அடிக்கிறாங்க பாருங்க. தேவன்தான் காடியில வந்து நிக்கிறான், ஒங்களக் கூட்டிப் போவ.