ஊறவைத்த கல்

– கட்டைவிரலால அழுத்தினா உள்ள போவுதாம், பாவா. ஹேமநாதன் இப்பதான் போன் பண்ணாரு.

– எது?

– திருத்தணி அடிவாரத்துல அவரு சத்திரத்துக்கு நம்ம பட்டறையில சிமெண்டுல சுவர்ப் பலகை செஞ்சி குடுத்தமே, பொம்பளைங்க குளிக்கிற அறைங்களுக்கு. தண்ணி படற இடமெல்லாம் மாவா உதிருதாம்.

– அவரு ஆளுங்க ஆணி அடிச்சி கெடுத்திருப்பாங்க, கல்பனா.

– ஆணியா? டீயில முக்கின பிஸ்கோத்து மாதிரி இருக்குதுன்றாரு. ஆடிக் கிருத்திகைக்கு காவடி எடுத்துகினு வரவங்க அங்கதான் குளிப்பாங்க. நெரிசல்ல ஒருத்தி சாஞ்சா போதும், சுவரு வந்துடும்.

– போனை எங்கிட்ட குடுத்திருக்கலாமே.

– குடுத்தா இன்னா சொல்லியிருப்பீங்க? அந்தக் கலவைக்கு ஆசிட் ஊத்தினீங்களா?

– எந்த ஆசிட்?

– நம்மகிட்ட எத்தினி ஆசிட் இருக்குது? பாஸ்பாரிக் ஆசிட். மக்னீசியா சிமெண்டுக்கு தண்ணி ஆவாது, அந்த ஆசிட் கொஞ்சம் சேந்தாத்தான் தாங்கும்னு எனக்கு சொல்லிக் குடுத்ததே நீங்கதான்.

– ஊத்தல.

– ஏன்?

– ஊத்தினா இறுக நேரமாவுது. காலைல அச்சுல இருந்து பலகை கழலாது. ஹேமநாதன் தினம் வந்து வாசல்ல நின்னுகினு இருந்தாரு. இந்த சிமெண்டுக்கு சூளையில புகை கம்மி, ஊருக்கு நல்லதுன்னு நீ பேசிப் பேசி வித்துட்ட. செய்யறவன் நானு ஒருத்தன்.

– மொதல்ல ஆணி. இப்ப நானா?

– இல்லம்மா. தப்பு எம்மேலதான். அந்த வாரம் பூரா சோறு எறங்கல. உங்க அக்கா கூட உடம்புக்கு இன்னான்னு கேட்டா. அப்புறம் நீ அந்தக் கலவையில சோதனைக்கு வார்த்த கல்ல ஒரு வாரம் வாளித் தண்ணில ஊறப் போட்டு, எடுத்து சுத்தியால தட்டிக் காட்டின பாரு. கணீர்னுச்சி. அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சி. இனிமே ஊறப் போட்டு பாக்கவே வேணாம்னு சொன்னேனே, அன்னிக்கிதான்.

– அது அந்தக் கல்லு இல்ல, பாவா.

– இன்னா?

– அம்மாவ கூட்டிகினு கிருத்திகைக்கு மலைக்கு போயிட்டேன். கல்ல ஊறப் போடவே மறந்துட்டேன். வந்து பாத்தா அவரு லாரியோட நிக்கறாரு. போன மாசத்து கல்லு ஒண்ணு மூலையில கிடந்துச்சி. அதை நனைச்சி எடுத்து தட்டிட்டேன். நீங்க எப்பவும் போல ஊத்தியிருப்பீங்கன்னு நம்பினேன்.

– அப்ப அன்னிக்கி கணீர்னது பழைய கல்லா?

– ஆமா. ரெண்டு பேரும் போயி உண்மைய சொல்லிடலாம். கூட்டம் வரதுக்குள்ள பிரிச்சிட்டு வேற வச்சி குடுத்துடலாம். ஒரு சத்திரந்தான, பாவா. ஏன் கீழ உக்காந்துட்டீங்க?

– நீ தட்டின கல்ல நம்பி, அதுக்கப்புறம் எதுக்குமே நான் ஆசிட் ஊத்தல, கல்பனா. அம்மையார்குப்பத்து தறிக் கொட்டகை, அரக்கோணத்து வீடுங்க, எல்லாமே அது இல்லாமத்தான் போச்சி.