வெயிலுக்குப் பழக்குதல்

தொட்டியில் செடி வளர்க்கப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, தண்ணீர் போதவில்லையோ என்று பயந்து ஊற்றிக்கொண்டே இருப்பதுதான். தாகத்தில் சாகும் செடிகளைவிடப் பாசத்தில் அழுகிச் சாகும் செடிகள் அதிகம். விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் சும்மா இருங்கள். என் வகுப்பில் இதைத்தான் முதலில் சொல்வேன். உங்களிடமும் இதிலிருந்தே தொடங்குகிறேன், மேடம். நேற்று நான் சொன்னதில் பாதியை உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் விட்டுவிட்டார். அதனால்தான் தாள் கேட்டேன். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான்.

"மறந்துட்டேன்னு சொல்லும்மா. வேலை மும்முரத்துல கவனிக்கலைன்னு சொல்லு" என்றீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். ஆனால் நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை. எந்தத் தட்டில் எந்த விதையை எந்தத் தேதியில் போட்டேன் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

நாங்கள் இருந்தது மூன்றாம் மாடிக்கு மேலே உள்ள ஒற்றை அறை. கதவைத் திறந்தால் மொட்டை மாடி. அம்மா இறந்த பிறகு நானும் அப்பாவும் மட்டும். அப்பா கொத்தனார். ஏழு மாதங்களுக்கு முன் வேலைக்குப் போன இடத்தில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போனது. 'ம்ம்' என்று ஒரே ஒரு சத்தம் மிச்சம். அண்ணன் ஒரு சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுக் கிளம்பினான்.

"நீதான படிச்சவ. மருந்துச் சீட்டப் படிக்க எங்களுக்குத் தெரியுமா? நீயே பாத்துக்க."

"மருந்துச் சீட்டுதான் பிரச்சினைன்னா நான் படிச்சுச் சொல்றேன். பீத்துணிய நீ அலசு" என்றேன்.

"பாத்தியா, வாய. இதுக்குத்தான் பொண்ணுங்களப் படிக்க வைக்காதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றாள் அண்ணி. அப்புறம் அவர்கள் வந்தது இரண்டு முறை.

நான் படித்தது தாவரவியல். அதை வைத்து மாடியில் நாற்று விட்டு விற்றேன். தக்காளி, மிளகாய், கத்தரி, செண்டுப்பூ. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் கற்றுக்கொள்ள வருவார்கள். விதையின் பருமனைப் போல இரண்டு மடங்கு ஆழம், அதற்கு மேல் புதைக்காதே. தொட்டியின் அடியில் ஓட்டை இல்லாவிட்டால் அது தொட்டி இல்லை, வாளி. இப்படி. எனக்குக் கிடைக்க வேண்டிய வேலை இது இல்லை. ஆனால் ஒழுங்காகச் செய்தேன்.

வாரம் ஒருமுறை வரும் நர்ஸ் அக்காதான் வெயிலை முதலில் சொன்னவர். "காலைல பத்து நிமிஷம் இளவெயில்ல உக்கார வைம்மா. கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டி ஒரு மணி நேரம் வரைக்கும் வைக்கலாம். அதுக்கு மேல வேண்டாம்."

நாற்றுக்கும் அதே முறைதான். நிழலில் முளைத்த நாற்றை நேராகக் கொண்டுபோய் வெயிலில் வைத்தால் இலை வெந்துவிடும். முதல் நாள் அரை மணி, மறுநாள் ஒரு மணி என்று கூட்டிக்கொண்டே போய், பதினான்காம் நாள் பகல் முழுக்க விட வேண்டும். கூடவே தண்ணீரைக் குறைக்க வேண்டும். இதைத்தான் வெயிலுக்குப் பழக்குவது என்போம். ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டேன். ஒன்று நாற்றுக்கு, ஒன்று அப்பாவுக்கு. அப்பாவின் கட்டம் எட்டாம் நாளில் ஒரு மணி நேரத்தோடு முடிந்தது. கீழே 'இதற்கு மேல் வேண்டாம்' என்று எழுதினேன். அந்தத் தாள் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது.

அப்பாவுக்குத் தண்ணீரைக் குறைத்தது உண்மை. ஒரு நாளைக்கு ஆறு முறை துணி மாற்றுகிறவர்களுக்கு அது புரியும். ஆறு, மூன்றாகக் குறைந்தது.

ஒன்பதாம் நாள் மண் கலக்க ஒரு கரண்டி தேவைப்பட்டது. என்னுடையது பிடி உடைந்துவிட்டது. அப்பாவின் வேலைப் பையில் கரணை இருக்கும் என்று கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன். கரணை, மட்டப்பலகை, தூக்குக்குண்டு, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே என் பெயருக்கு வந்த கடிதம். விதைப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர் வேலை. வெளியூர். சேர வேண்டிய கடைசித் தேதி முடிந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. அப்போது அவர் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர். தினமும் தபால்காரனை எதிர்பார்த்து நான் கீழே இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டும் இருந்தவர். "நாலு எழுத்துப் படிச்சவ நாலு படி ஏறி இறங்கினா குறைஞ்சா போயிருவ?" என்று சிரித்தவர்.

அவர் அதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். சுண்ணாம்பு படாமல் உறை போட்டு வைத்திருந்தார். ஏன் என்று நான் யோசிக்கவில்லை. மண் காய்ந்துகொண்டிருந்தது.

கடிதத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். "இது எப்பப்பா வந்துச்சு?" என்றேன். 'ம்ம்' என்றார். இடது கையைத் தூக்கி என் மணிக்கட்டைப் பிடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. இந்த வியாதியில் காரணமில்லாமல் அப்படி வரும் என்று நர்ஸ் அக்கா முன்பே சொல்லியிருக்கிறார். கையை விலக்கிவிட்டுக் கடிதத்தை இருந்த இடத்திலேயே வைத்தேன். கரணையை எடுத்துக்கொண்டேன். நல்ல கரணை. மண் ஒட்டவே ஒட்டாது.

கடிதத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். அன்று நான் கத்தவில்லை, அழவில்லை. சமைத்தேன், அவருக்கு ஊட்டினேன். அதன் பிறகு அட்டவணையில் 'இதற்கு மேல் வேண்டாம்' என்பதை ஒரு கோடு போட்டு அடித்தேன். எதற்கு இரண்டு கட்டம், ஒன்றே போதும் என்று தோன்றியது. நாற்பது வருடம் சாரத்தின் மேல் வெயிலில் நின்ற மனிதர். வெயில் அவருக்குப் புதிதில்லை.

பதின்மூன்றாம் நாள் ஞாயிறு. வகுப்புக்கு ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வருவார். அவர் வந்தாலே சிரிப்புதான்.

"டீச்சர், என் தக்காளி தலையத் தொங்கப்போட்டுருச்சு. செடிகிட்டப் பேசணும்னாங்களே, பேசினேன். பாட்டுகூடப் பாடினேன்."

"பாடினீங்களா? அப்ப சரி. அது தற்கொலை" என்றாள் பக்கத்தில் இருந்த தையல்காரப் பெண்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிளம்பும்போது டிரைவர் மட்டும் அப்பாவின் அருகில் நின்றார். "பெரியவரு நெத்தி செவந்திருக்கே டீச்சர். நிழல்ல தள்ளிரட்டுமா?"

"வேண்டாம் சார். கணக்கு இருக்கு."

"இல்ல, உதடெல்லாம் வெடிச்சு..."

"சார், அவருக்கு வெயில் பழக்கம்."

படித்த பெண், தெரியாமலா செய்வாள் என்று நினைத்திருப்பார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அவரை விசாரிக்க வேண்டாம். அவர் கேட்டார், நான்தான் பதில் சொன்னேன்.

மறுநாள் பதினான்காம் நாள். காலை எட்டு மணிக்கு அப்பாவை வெளியே கொண்டுபோய், நாற்காலியின் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். நாற்றுத் தட்டுகளையும் வெளியே வைத்தேன். அட்டவணைப்படி இரண்டுக்கும் அன்று பகல் முழுக்க. பத்து மணி வாக்கில் அவர் கையின் மேல்தோலைக் கிள்ளிப் பார்த்தேன். கிள்ளிய தோல் அப்படியே நின்றது. உடம்பில் நீர் வற்றினால் அப்படித்தான் நிற்கும். உள்ளே போய்ப் பெயர்ச் சீட்டு எழுத உட்கார்ந்தேன். சத்தம் கேட்டதா என்று கேட்டீர்கள். கேட்டது. முதலில் அடிக்கடி, பிறகு விட்டுவிட்டு. இரண்டரை மணி வரை. அதன் பிறகு இல்லை. நாலு மணிக்குத் துணி எடுக்க வந்த கீழ்வீட்டு அக்காதான் கத்தினார்.

"ஏண்டி, உனக்குக் கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? அப்பனப் போட்டு வறுத்து வச்சிருக்கியேடி பாவி!"

என் கண் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. மறக்கவில்லை. தூங்கவில்லை. அவர் அங்கே இருக்கிறார் என்று ஒவ்வொரு நிமிடமும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் விட்டேன். அட்டவணை என்று ஒன்று போட்டால் அதன்படி நடக்க வேண்டும். அதை மட்டும்தான் செய்தேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். பிறகு நீங்களே கண்டுபிடித்து, மறைத்தேன் என்று சொல்லக் கூடாது. அன்று வெயில் வழக்கத்தைவிட அதிகம். பதினோரு மணிக்கே தக்காளி நாற்றின் நுனி தொங்கத் தொடங்கியது. தாளைப் பார்க்காதே, செடியைப் பார் என்பது வகுப்பில் நானே சொல்வது. எழுந்து போய்த் தட்டுகளை உள்ளே எடுத்தேன். நான்கு தட்டு. ஒரு நடைக்கு ஒன்றுதான் தூக்க முடியும். அப்பாவின் நாற்காலி தட்டுகளுக்கும் கதவுக்கும் நடுவில் இருந்தது. நான்கு முறை அவரைச் சுற்றிப் போனேன், நான்கு முறை சுற்றி வந்தேன். மூன்றாவது நடையில் சக்கரம் காலில் இடித்தது. கல்லை எடுத்து, நாற்காலியை ஒரு சாண் தள்ளிவிட்டு, மறுபடி கல்லை வைத்தேன். கடைசித் தட்டை உள்ளே வைத்ததும், அனல் வராமல் இருக்கக் கதவைச் சாத்தினேன்.

நான்கு தட்டிலும் சேர்த்து முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு நாற்று. அன்று ஒன்றுகூடச் சாகவில்லை. இன்றோடு மூன்று நாளாகப் பூட்டிய அறைக்குள் இருக்கின்றன. யாரையாவது அனுப்பிக் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள், மேடம். நிறைய வேண்டாம், கை நனைத்துத் தெளித்தால் போதும். கண்ணெதிரே ஒரு உயிர் காய்ந்துபோவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.