சிவப்புப் பூ குத்திய கொய்யா

கொய்யாப்பழத்தில் ஒட்டிய ஸ்டிக்கரை உரிப்பது எனக்கு எப்போதும் எரிச்சலான வேலை, ஐயா. பாதி நகத்தோடு வரும், பாதி பழத்திலேயே நிற்கும். கடைப்பெயர் ஒட்டியிருந்தால்தான் சனங்கள் நம்பி வாங்குகிறார்கள். வாங்கியதும் உரித்து என் வாசலிலேயே போடுவார்கள். மழை பெய்தால் சாக்கடை அடைத்துக்கொள்ளும். குப்பையை மக்க வைத்தாலும் அந்தப் பிளாஸ்டிக் மட்டும் அப்படியே கிடக்கும். விருத்தாசலத்தில் என் பழக்கடையிலாவது இதை ஒழிக்கலாம் என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தான்.

கடை வைப்பதற்கு முன் நான் பீங்கான் கம்பெனியில் வண்ணப் பிரிவில் இருந்தவன். கோப்பையின் அடியில் பெயர் குத்த அங்கே ரப்பர் முத்திரை உண்டு. அதைப்போலவே ஒரு பூ முத்திரை செய்து பழத்தின் மேலேயே குத்தினேன். பீட்ரூட் சாறு வெயிலில் வெளுத்தது. பேனா மை கையில் ஒட்டியது. கம்பெனியிலிருந்து கொண்டுவந்த சிவப்பு வண்ணம் மட்டும் பளிச்சென்று நின்றது. அதில் ஈயம் உண்டு. அங்கே கை கழுவாமல் சோற்றைத் தொட விடமாட்டார்கள். ஒரு பொட்டு வண்ணம் என்ன செய்துவிடும் என்று இருந்துவிட்டேன்.

வாசல் சுத்தமானது. வியாபாரிகள் விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கூச்சமாக இருந்தது, ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

பக்கத்துத் தையல்கடை செல்வநாயகியின் மகள் தமிழினி, பள்ளி விட்டதும் நேராக என்னிடம்தான் வருவாள். "பூப் போட்ட பழந்தான் வேணுமாம்ண்ணே, இல்லாட்டி வாயில வெக்கமாட்டேங்குது" என்று செல்வநாயகி சிரிப்பாள். தோலோடு கடித்துத் தின்னும் பிள்ளை. மாதக்கணக்கில் தின்றாள்.

பிறகு அவளுக்கு வயிற்றுவலி வந்தது. முகம் வெளுத்தது. "சோறே எறங்கலண்ணே, பழமாவது குடுங்க" என்று செல்வநாயகி வந்து நின்றாள். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. சொன்னால் கடை போய்விடும். பூ நன்றாக விழுந்த பழமாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். வலிப்பு வந்து புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை உயிரோடு திரும்பவில்லை. அவளைத் தூக்கிப் போகும்போது காலைத் தொட்டு அழுதேன். அது நடிப்பில்லை, ஐயா. இன்றைக்கும் என் நெஞ்சு ஆறவில்லை.

தெரியாமல் நடந்த தவறு என்று சொல்லும்படி என் வக்கீல் சொல்கிறார். வாக்குமூலத்தில் அப்படி எழுத வேண்டாம், ஐயா. என் மகள் கயல்விழிக்கும் கொய்யா என்றால் உயிர். தினமும் அவளுக்குக் கொண்டுபோவேன், முத்திரை குத்துவதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்து.