படம் பிடித்தது யார்?

வட்டகொடையில் ரயில் ஏறிய கணவனும் மனைவியும் எங்களுக்கு எதிரே உட்கார்ந்து, மாணவர் பரிமாற்றத்தில் சிகாகோ போயிருக்கும் மகனின் படங்களைப் பார்த்தார்கள்.

“ஏரியில படகு, மியூசியம், மிருகக்காட்சிசாலை. படிக்கப் போனானா, ஊர் சுத்தப் போனானா?” என்றார் கணவர்.

“சுத்திப் பாக்கவுந்தாங்க அனுப்புறாங்க.”

“எல்லாத்துலயும் இவன் மட்டுந்தான் நிக்கிறான். அப்ப படம் புடிச்சது யாரு?”

“கூடப் படிக்கிற பையனா இருக்கும்.”

“பையனப் பாத்தா இப்படிச் சிரிக்கிறான்?”

அந்த அம்மா படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

“மப்ளரப் பாருங்க. நாம காத மூடித்தானே கட்டுவோம்? இவனுக்குக் கழுத்துல அழகா முடிச்சு. யாரோ கட்டிவிட்டிருக்காங்க.”

“அப்ப திரும்பி வரமாட்டான்.”



அடுத்த மாதம் அதே ஊருக்குப் புறப்படும் என் மகள், பக்கத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.